தகரத்தைத் தின்னும் உர மூட்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்துக் கோயில் கொட்டகைக்குப் புதுத் தகரம் அடித்தபோது, கீறல் விழுந்துவிட்டதென்று சிலர் பதறினார்கள். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த எஃகுத் தகடான இந்தத் தகரத்தில் சிறு கீறல் விழுந்தாலும், எஃகைவிட எளிதில் வினைபுரியும் துத்தநாகமே முதலில் அரிபட்டு எஃகைக் காக்கும். வெறும் சாயத்துக்கு இந்தக் குணம் கிடையாது. பளபளப்பு மங்கிச் சாம்பல் பூப்பதும் கேடல்ல, அது காப்புப் படலமே.

நான் அஞ்சுவது, பின்சுவர்த் தகரத்தில் சாய்த்து அடுக்கியுள்ள பொட்டாஷ் உர மூட்டைகளுக்குத்தான். கசியும் குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகத்தை விரைவாகக் கரைத்துவிட, அடி விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு இப்போதே செந்துரு ஏறியிருக்கிறது. மூட்டைகளைப் பலகை மேல், சுவரைவிட்டுத் தள்ளி அடுக்கத் தோட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்