விடுபட்ட துணைக்கால்: பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டத்தையும் தேர்வு அட்டவணையையும் தீர்மானிக்கிற பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளி ஆசிரியை. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறேன். பெருந்தொற்று போய்விட்டது, பள்ளிகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன என்று யாராவது பேசக் கேட்டால் எனக்கு ஒரு மாணவனின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆறாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருந்தேன். ‘கொடி’ என்ற சொல்லில் வந்து நின்றான். ‘கெடி’ என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். எழுத்துக்கு முன்னால் இருக்கும் ஒற்றைக்கொம்பு அவனுக்குத் தெரிகிறது. பின்னால் இருக்கும் துணைக்கால் கண்ணில் படவே இல்லை. இரண்டும் சேர்ந்துதான் ஓர் ஓசை என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்ட வேண்டிய மாதங்களில், அவன் வீட்டில் இருந்தான். இருந்த ஒரே கைப்பேசி, தேர்வு எழுதவேண்டிய அண்ணனிடம் இருந்தது. பள்ளி திறந்த பிறகு அவனுக்கு வாய்த்த ஆசிரியர்கள் எல்லோரும் இது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அவர்களில் நானும் ஒருத்தி.

2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். உகாண்டாவில் 2022 ஜனவரியில்தான் எல்லா வகுப்புகளும் முழுமையாகத் திறந்தன. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது, திறந்த பிறகு நடந்ததைப் பற்றி.

இந்தப் பெருந்தொற்றுக்கு முன்பே உலகம் இதை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அங்கே பள்ளிகள் சராசரியாக 14 வாரங்கள் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது வீடுகளை மீண்டும் கட்டியிருந்தார்கள், குடும்பங்களும் ஓரளவு தேறியிருந்தன. ஆனால் நிலநடுக்கம் கிளம்பிய நிலப்பிளவுக் கோட்டுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகள், தள்ளி இருந்தவர்களைவிடப் படிப்பில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தார்கள்.

மூடிக் கிடந்தது 14 வாரம், பின்தங்கியது ஒன்றரை ஆண்டு. மூடியிருந்தபோது விட்டுப்போனது மட்டும் என்றால் இந்தக் கணக்கு வராது. மீதி, பள்ளி திறந்த பிறகு விட்டுப்போனது. ஆசிரியர் புத்தகத்தோடு நகர்ந்தார், குழந்தை பழைய இடத்திலேயே நின்றது, இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலமானது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தொடக்கக் கல்வியாவது முடித்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு இல்லை. விரல் வைத்துக் காட்ட வீட்டில் ஒருவர் இருந்திருக்கிறார். நெதர்லாந்தில் 2020இல் பள்ளிகள் எட்டு வாரம்தான் மூடின. வீட்டுக்கு வீடு இணையம் இருக்கும் நாடு அது. அங்கும்கூடப் பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுக் குழந்தைகளே கூடுதலாக இழந்தார்கள்.

ஆகவே மீட்சி என்பது பள்ளிக் கதவைத் திறந்ததோடு முடியவில்லை. 2020இல் முதல் வகுப்பில் இருந்த குழந்தைகள் இன்று நடுநிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னத்தைக் கூட்டச் சொன்னால் விழிக்கிற பிள்ளைக்குப் பின்னம் மட்டும் பிரச்சினை இல்லை, பெருக்கல் வாய்ப்பாடே அரைகுறையாக நிற்கிறது. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்கள் எழுதும் பீசா (PISA) என்ற சர்வதேசத் தேர்வில், 2022இல் வளர்ந்த நாடுகளின் சராசரிக் கணித மதிப்பெண் 2018ஐவிட ஏறத்தாழ 15 புள்ளி சரிந்தது. ஒரு கல்வியாண்டில் முக்கால் பங்குக்குச் சமம் என்கிறார்கள். பணம் படைத்த நாடுகளின் நிலையே இது.

சரி, என்னதான் செய்வது? வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவைத்து, குழந்தை உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக் குழு பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும் மட்டும் சொல்லித்தருவது. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பெருந்தொற்றுக்கு வெகு காலம் முன்பே இதைச் செய்து காட்டியது, ஜாம்பியாவின் அரசுப் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. இதற்குப் புதுக் கருவியோ கட்டடமோ தேவையில்லை. நேரம்தான் வேண்டும். அந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

நானும் என் சக ஆசிரியையும் இதை முயன்று பார்த்தோம். தலைமையாசிரியர் முதல் பாடவேளையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, போர்ஷன் ஏன் இரண்டு பாடம் பின்தங்கியிருக்கிறது என்று கேட்டார். குழந்தைகள் படிப்பதை அவர் கேட்கவில்லை, பதிவேட்டை மட்டும் புரட்டினார். மறுவாரம் முதல் பாடவேளை பாடப் புத்தகத்துக்கே திரும்பிப் போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த படிவத்தில் அந்த ஒரு கேள்விதான் இருந்திருக்கும். படிவத்தை மாற்றுங்கள் என்றுதான் உங்களைக் கேட்கிறேன். எத்தனை பாடம் முடிந்தது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்கிறார்கள் என்று ஒரு கட்டம் சேருங்கள். பாடத்திட்டத்தைக் குறைப்பதாகச் சொன்னால் உண்மையாகவே குறையுங்கள். தேர்வில் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தால் அது குறைந்ததாக ஆகாது.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் வேலையை விட்டுப் போகிறவர்களின் பங்கு, உலக அளவில் 2015இல் 4.6 சதவீதமாக இருந்தது, 2022இல் 9 சதவீதம் என்று யுனெஸ்கோ சொல்கிறது. என்னோடு சேர்ந்து முயன்ற அந்த ஆசிரியையும் போய்விட்டார். ஊரடங்கில் இரவு பதினொரு மணிக்கும் மாணவர்களின் குரல்பதிவுகளைக் கேட்டுத் திருத்தியவர் அவர். வகுப்பறைக்குத் திரும்பியதும் ஓய்வு கிடைக்கும் என்று நம்பினார்; கிடைத்ததோ செயலியில் ஏற்றவேண்டிய விவரங்கள்தான். கடைசி நாளன்று மேசையைக் காலி செய்யும்போது, தானே அட்டை வெட்டி எழுதிய எழுத்துச் சீட்டுகளை என்னிடம் கொடுத்தார். ஓரமெல்லாம் நைந்து போயிருந்தன. பிள்ளைகள் கையில் அவ்வளவு புழங்கியிருக்கின்றன. இப்படிப்பட்டவரை இழந்துவிட்டு எந்த மீட்புத் திட்டத்தை யாரை வைத்து நடத்தப் போகிறோம்?

அந்தச் சீட்டுகளை வைத்துத்தான், உணவு இடைவேளையில் பத்து நிமிடம் அந்தப் பையனோடு உட்காருகிறேன். ‘கொடி’யை இப்போது சரியாகப் படிக்கிறான். ‘தொ’வும் ‘மொ’வும் தானாகவே வந்துவிட்டன. ‘கௌ’வில் இன்னும் தடுமாறுகிறான். அவனைப் போல என் வகுப்பில் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லோரையும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த முதல் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை