கைப்பிடி வலிமையும் மனச்சோர்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தசை வலிமை குறைந்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல் என்று தங்கள் இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முதியோருக்கு இயன்முறை சிகிச்சை அளித்துவருபவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

தொடர்பு இருப்பதில் எனக்கு ஐயமில்லை. பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பைக் கொண்டு சுமார் 1,53,000 பேரை ஏழாண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், இதய நுரையீரல் திறன், கைப்பிடி வலிமை (தசை வலிமையை அறிய, கையால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்று பார்க்கும் அளவு) இரண்டுமே குறைந்திருந்தவர்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு, இரண்டும் நன்றாக இருந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆயினும் வலிமைக் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. மனம் சோர்ந்தவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார், சரிவரச் சாப்பிடுவதில்லை. அதனாலும் தசை கரைகிறது. நீரிழிவு, மூட்டுவலி, தனிமை, வறுமை ஆகியவை இரண்டையும் ஒருசேரக் கொண்டுவருகின்றன.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, 33 ஒப்பீட்டுச் சோதனைகளில் பங்கேற்ற 1,877 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2018இல் ஜாமா சைக்கியாட்ரி இதழ் வெளியிட்ட ஆய்வு. எடை தூக்குதல் போன்ற வலுப்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைத்தது என்பதோடு, பயிற்சி பெற்றவரின் வலிமை எவ்வளவு கூடியது என்பதற்கும் மனச்சோர்வு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றும் அந்த ஆய்வு கூறியது. யார் பயிற்சி பெற்றவர், யார் பெறாதவர் என்பது மதிப்பீடு செய்தவருக்குத் தெரியாதிருந்த சோதனைகளில் பலன் சற்றுக் குறைவாகவே தெரிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எப்படியிருப்பினும், "இத்தனை நாள் செய்தும் கையில் பலம் ஏறவில்லையே" என்று பயிற்சியைப் பாதியில் கைவிடும் முதியவரிடம் சொல்ல வேண்டிய செய்தி, பலம் அவ்வளவாக ஏறாவிட்டாலும் மனச்சோர்வு குறையலாம் என்பதுதான்.

சிகிச்சைக்கு வருவோர் "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. "கை கால் ஓய்ஞ்சு போகுது", "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். உடன் வந்தவர் "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுவார். பிறகு ஒரு சத்து ஊசி. மிஞ்சினால் "தினமும் நடங்க" என்ற அறிவுரை. நடப்பது நல்லதுதான், ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நடை போன்றவற்றோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. வீட்டுவேலையே போதாதா என்று கேட்கும் பெண்கள் பலர். உடல் ஏற்கெனவே பழகிவிட்ட வேலை தசையை மேலும் வளர்க்காது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது என்று சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் அடங்கும். கைப்பிடி வலிமையை அளக்கும் டைனமோமீட்டர் கையடக்கமான கருவி. அளக்கச் சில நிமிடங்களே ஆகும் என்பதால், வீட்டுக்கு வரும்போதே அதையும் பார்த்துவிடலாம். ஆசிய நாடுகளுக்கென 2019இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் வலிமை குறைவு. அப்படி இருப்பவர்களிடம், கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா, மனம் தளர்ந்திருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம் என்பதே என் வேண்டுகோள். ஆம் என்பவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள், பயிற்சியை நம்பி அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. அவசர உதவி தேவைப்படுவோருக்கு டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி மையத்தின் தொலைபேசி எண் 14416 இருக்கிறது.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சி.