சமாதானம் பேசும் தொலைபேசி அழைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களுக்கோ சிறுமிகளுக்கோ ஒரு கொடுமை நேர்ந்து அது தலைப்புச் செய்தியாகும்போதெல்லாம், குற்றவாளியைத் தூக்கிலிட வேண்டும் என்றும் இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்றும் எல்லாக் கட்சித் தலைவர்களும் அறிக்கை விடுவதைத் தங்கள் நாளிதழில் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். சட்டம் இயற்றுவதில் நம் மாநிலம் பின்தங்கியதே இல்லை. 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்த பிறகு, ஈவ்டீசிங்கைத் தடுப்பதற்கென்றே இங்கே தனிச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை அடுத்து, ஒரு மாதம் முடிவதற்குள் தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்தங்களைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஆயினும், மகளிர் காவல் நிலையத்தை ஒட்டி இயங்கிய குடும்பநல ஆலோசனை மையம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், மக்கள் பிரதிநிதிகளிடம் நான் முதலில் கேட்க விரும்புவது புதிய சட்டம் அன்று. காவல் நிலையத்துக்கு அவர்கள் செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பை அவர்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

அது எப்படிப்பட்ட அழைப்பு என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே சொல்கிறேன். ஒரு நாள் மாலை, இடது கையில் மாவுக்கட்டோடு ஓர் இளம்பெண் தன் தாயுடன் நிலையத்துக்கு வந்தார். தாய் எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவை ஆய்வாளர் படித்து முடிக்கவில்லை. அதற்குள் தொலைபேசி ஒலித்தது. 'நம்ம பையன்தாம்மா, குடும்ப விஷயம், ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பி வச்சிடுங்க' என்று மறுமுனையில் சொன்னவர் அந்த வார்டு உறுப்பினரின் கணவர். வார்டு மகளிருக்கு ஒதுக்கப்பட்டது, வென்றவரும் பெண்தான், ஆனால் அழைப்பு அவரிடமிருந்து வரவில்லை என்பதைத் தனியே குறித்து வைக்கலாம். அன்று வழக்குப் பதிவாகவில்லை. மனு ஏற்புச் சான்றாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தரப்பட்டது. மூன்றாம் நாள் கணவனை வரவழைத்து, 'இனிமேல் ஒற்றுமையாக வாழ்வோம்' என்று இருவரிடமும் எழுதி வாங்கினோம். வாங்கினோம் என்று பன்மையில் எழுதக் காரணம், அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த முறை அந்தப் பெண் நிலையத்துக்கு வரவில்லை. அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலிருந்து தகவல்தான் வந்தது.

ஆலோசனையே கூடாது என்பது என் வாதம் அன்று. அதைச் செய்துதான் நான் சம்பளம் வாங்கினேன். மணவாழ்க்கைத் தகராறுகளில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே 2013-ஆம் ஆண்டு லலிதா குமாரி வழக்கில் இடம் தந்திருக்கிறது. ஆனால் அடிபட்டவர் தாமாக விரும்பிக் கேட்கும் சமரசமும், அடித்தவனுக்காகக் கட்சிக்காரர் கேட்கும் சமரசமும் ஒன்றல்ல. ஆலோசனை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வேறுபாடு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பாலியல் குற்றங்களிலோ சமரசத்துக்கு இடமே இல்லை. பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்குக் குறைந்தது 6 மாதக் கடுங்காவல் என்பது 2013 முதல் சட்டம். இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாக அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றும், தெரிவிக்காதது தண்டனைக்குரியது என்றும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. 'எவரும்' என்பதில் கவுன்சிலரும் சட்டமன்ற உறுப்பினரும் அடங்குவர். தன் வீட்டுத் திண்ணையில் இரு குடும்பத்தாரையும் உட்காரவைத்து, பெண் குழந்தையின் தந்தைக்கு ஒரு தொகை வாங்கிக் கொடுத்து அனுப்பும் மக்கள் பிரதிநிதி, தாம் ஊருக்கு உபகாரம் செய்ததாகவே நம்புகிறார். உண்மையில் அவர் அந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தவர். அப்படிப்பட்ட சமரசத்தைக் காட்டி வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கொன்றில் மீண்டும் தெளிவுபடுத்தியது.

மக்கள் பிரதிநிதியின் தலையீடே தீது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள வாச்சாத்தி மலையடிவார ஊரை நினைவூட்ட விரும்புகிறேன். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அரசு ஊழியர்கள் என்பதால் புகார் கொடுக்க வேண்டிய இடமும் குற்றத்தின் இடமும் ஒன்றாகிவிட்டன. அன்றைய அரசுத் தரப்பு நடந்ததையே மறுத்தது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த மார்க்சிஸ்ட் தலைவர் அ. நல்லசிவன் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியதோடு நிற்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1995-இல் விசாரணை சி.பி.ஐ. வசம் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தபோது, மொத்தம் 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்ச ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இந்த வெற்றியில் பெரும்பங்கு அந்தப் பெண்களுக்கும் மலைவாழ் மக்கள் சங்கத்துக்கும்தான் உரியது. ஆனாலும் தொடக்கத்தில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தம் கையெழுத்தை அவர்கள் பக்கம் இட்டிராவிட்டால், அந்த வழக்கு நீதிமன்றப் படியேறியிருக்குமா என்று ஐயுறுகிறேன். நம் பிரதிநிதிகளின் கையில் இருக்கும் அதே பேனா, அதே கடிதத்தாள்தான் அவரிடமும் இருந்தன.

அடுத்தது, சட்டப்பேரவையில் கேட்க வேண்டிய கேள்விகள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் 'தேவையான எண்ணிக்கையில்' பாதுகாப்பு அலுவலர்களை மாநில அரசு நியமிக்க வேண்டும் என்கிறது. தேவை எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. அதை அரசு முடிவு செய்கிறது. அந்த முடிவு சரியா என்று கேட்கும் அதிகாரம் பேரவை உறுப்பினருக்கு இருக்கிறது. ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஓர் அலுவலர் என்றால், மலையோர ஒன்றியத்திலிருந்து பெண் ஒருத்தி கைக்குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறி வந்து, அலுவலர் நீதிமன்றப் பணியாக வெளியே போயிருப்பதைக் கேட்டுத் திரும்பிப் போகிறாள் என்று பொருள். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணையும், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவும் கிடைக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் நீதித்துறை நடுவருக்குச் சொல்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை மனுக்கள் அந்தக் கெடுவுக்குள் முடிந்தன? கடந்த ஆண்டில் மகளிர் காவல் நிலையங்களில் தரப்பட்ட சி.எஸ்.ஆர். ரசீதுகள் எத்தனை, அவற்றில் முதல் தகவல் அறிக்கையாக மாறியவை எத்தனை? சமூகநலத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேரவை விவாதிக்கும் மானியக் கோரிக்கையின்போது இந்தக் கேள்விகளை யாராவது ஓர் உறுப்பினர் எழுப்பினால், பதில் தயாரிப்பதற்காகவேனும் மாவட்டம் தோறும் பதிவேடுகள் திறக்கப்படும். அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பேரவைக் கேள்வி வந்திருக்கிறது என்ற சொல்லுக்கு இருக்கும் வேகம் வேறெந்தச் சுற்றறிக்கைக்கும் கிடையாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் கதையும் இதுவே. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைகள், பட்டறைகள், வீட்டு வேலை ஆகியவற்றில் உள்ள பெண்கள் புகார் செய்ய மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-இல் வந்த சட்டம் சொன்னது. நாடு முழுவதும் அந்தக் குழுக்களை அமைக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் எத்தனை சட்டமன்றங்கள், எத்தனை மானியக் கோரிக்கைகள் கடந்து போயின!

தொகுதி மேம்பாட்டு நிதியில் தெருவிளக்கும் நிழற்குடையும் கண்காணிப்புக் கேமராவும் அமைத்துத் தருவதைப் பாதுகாப்புப் பணியாகப் பலர் காட்டுகின்றனர். வேண்டியவையே, குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனால் வன்முறைக்கு ஆளானவர்கள். நாட்டின் சராசரி 29.3 விழுக்காடு. அந்தக் கேமராக்கள் எதுவும் காணாத இடத்தில் நடப்பது இது. என் முன்னால் உட்கார்ந்த பெண்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் மதுவில் வந்து முடிந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆட்சியில் இருக்கும்போது எந்தக் கட்சியும் அதைக் கேட்க விரும்பியதில்லை.

இனி, ஒரு சிறிய யோசனை. நம் ஊரில் சட்டமன்ற உறுப்பினர் தலைமை தாங்காத திருமணம் குறைவு. 1967-இல் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானதிலிருந்து தலைவர்கள் தாலி எடுத்துக் கொடுப்பது நம் அரசியலின் பழக்கமாகவே ஆகிவிட்டது. தேதி கேட்டு வரும் குடும்பத்தாரிடம் மணமகளின் பிறப்புச் சான்றிதழையோ பள்ளி மாற்றுச் சான்றிதழையோ காட்டச் சொல்லி உறுப்பினரின் உதவியாளர் கேட்டால் போதும். பதினாறு வயதுப் பெண்ணின் அழைப்பிதழில் உறுப்பினரின் பெயர் அச்சாகாது என்ற செய்தி அந்த வட்டாரம் முழுவதும் ஒரே முகூர்த்த மாதத்தில் பரவிவிடும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவரே தலைவர். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடத்தப்படுகிற மாநிலத்தில், எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுபோன பெண் பிள்ளைகளின் பட்டியலை அங்கே வாசிக்காமல், அந்தக் குழுவில் கேட்டு வாங்கி வீடு தேடிப் போய் விசாரிப்பது அவருடைய வேலைதான். பெயர்களைச் சபையில் வாசிக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் இருக்கிறது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் காவல் அதிகாரியின் பேட்டியில் வெளியானது, அரசாணையிலும் இடம்பெற்றது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. இவை அதிகாரிகள் தரப்புப் பிழைகள் என்று அரசியல்வாதிகள் தப்பித்துக்கொள்ள இயலாது. ஆறுதல் சொல்வதற்காகப் பத்துக் கார்களுடனும் புகைப்படக்காரர்களுடனும் ஒரு சிறுமியின் தெருவுக்குள் நுழையும் தலைவர், பெயரைச் சொல்லாமலேயே அவள் யார் என்பதை ஊருக்குச் சொல்லிவிடுகிறார்.

கட்சித் தலைமைகளுக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. குற்றவழக்கு உள்ளவரை வேட்பாளராக்கினால், வழக்கு விவரத்தையும் அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்றும் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆகவே அடுத்த தேர்தலில், பெண்களுக்கெதிரான வழக்கை எதிர்கொள்ளும் ஒருவருக்கு எந்தக் கட்சியாவது சீட்டுக் கொடுத்தால், அந்தக் காரணத்தைத் தேடி எடுத்து அவர் படத்துக்குக் கீழே அப்படியே அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு, ஒவ்வொரு பேரவைக் கூட்டத்தொடர் முடிந்ததும், நம் மாவட்டத்து உறுப்பினர்களில் யார், மேலே சொன்ன பாதுகாப்பு அலுவலர் எண்ணிக்கையையும் சி.எஸ்.ஆர். கணக்கையும் பற்றிக் கேள்வி கேட்டார் என்பதை ஒரு சிறு பட்டியலாக உள்ளூர்ப் பக்கத்தில் தாங்கள் வெளியிட வேண்டும். முதல் பட்டியலில் எல்லாப் பெயர்களுக்கும் எதிரே வெற்றிடமே இருக்கக்கூடும், அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல ஆலோசகர்,
மதுரை.