இரண்டு மரமும் ஒரே வாரத்தில் பழுத்தால்

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். சாப்பாட்டு மேசை, சோபா, வாஷிங் மெஷின் மேல்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் பீச் பழம். வீடு வாங்கிய முதல் கோடையிலேயே மரங்கள் இப்படிக் காய்த்துத் தள்ளும் என்று யார் நினைத்தது! “எல்லாத்தையும் ஜாம் போட்டுடவாம்மா?” என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அத்தனை பழத்தையும் ஜாமாக்கினால் மூட்டைச் சர்க்கரை போகும், அதைத் தின்று முடிக்க ஆளும் இருக்காது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். அடுப்படியில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் பழத்தைப் பிரி. சிவப்பைப் பார்த்து ஏமாறாதே, அது வெயில் பட்ட பக்கம் மட்டும்தான். காம்புக்குப் பக்கத்தில் தோலின் அடிநிறத்தைப் பார். பச்சை போய் மஞ்சள் வந்திருந்தால் பழம் முற்றியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள தோள்பட்டையை லேசாக அழுத்தும்போது விரலுக்கு இடம் கொடுத்தால் பழுத்தாயிற்று. நன்றாகக் கனிந்தது இன்றைக்கு, லேசாக இளகியது நாளைக்கு, கல்லாக இருப்பது நாலு நாள் கழித்து. அடிபட்டதைத் தனியே வை. அழுகியதையும் பூஞ்சை பிடித்ததையும் தூக்கிப் போடு, வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்க்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். இப்படிப் பிரித்துவிட்டாலே மலைப்பு பாதி குறைந்துவிடும். எதை முதலில் செய்வது என்று பழமே சொல்லும்.

கல்லாக இருப்பதை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதே. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் பழுக்காத பீச் சில நாள் கிடந்தால் உள்ளே கெட்டுப்போகும். அப்புறம் வெளியே எடுத்துப் பழுக்க வைத்தாலும் சாறு இருக்காது, மாவு மாவாக இருக்கும். காம்புப் பக்கம் கீழே வரும்படி ஒன்றோடொன்று இடிக்காமல் துணியில் பரப்பி, வீட்டுக்குள்ளேயே பழுக்க விடு. பழுத்ததைத்தான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், நாலைந்து நாள் தாங்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் இரண்டு மரத்தில் ஒன்று எல்பெர்ட்டா என்று வீட்டை விற்றவர் சொன்னதாகச் சொன்னாய். நல்ல மரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சாமுவேல் ரம்ஃப் என்பவர் 1870களில் உருவாக்கி, தன் மனைவியின் பெயரையே வைத்த ரகம் அது. மஞ்சள் சதை. கொட்டை ஒட்டாது, சுற்றிக் கீறித் திருகினால் இரண்டு பாதியாக வந்துவிடும். பாட்டிலில் போட அருமையான பழம். இன்னொன்று உள்ளே வெள்ளையாக, தேன் மாதிரி இனிக்கிறது என்றாயே, அதைப் பாட்டிலில் அடைக்காதே. அதில் புளிப்பு போதாது. மூடிய பாட்டிலுக்குள், காற்றில்லாத இடத்தில், பொட்டுலிசம் என்ற விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரும். அதன் வித்துக்கள் கொதிக்கிற தண்ணீருக்குச் சாகாது. புளிப்பு இருந்தால்தான் அடங்கிக் கிடக்கும். அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. மஞ்சள் பீச் அதற்குக் கீழே நிற்கும், வெள்ளை பீச் மேலே போய்விடும். கெட்ட வாடையோ நிறமாற்றமோ இல்லாமலே விஷமாகக்கூடியது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வெள்ளை முழுவதும் சாப்பிட, கொடுக்க, ஃப்ரீசரில் வைக்க. அவ்வளவுதான்.

ஃப்ரீசருக்கு வைப்பது சுலபம். தோலுரித்து, துண்டு போட்டு, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வை. கல்லானதும் பையில் போட்டுக் காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி மூடு. பத்து மாதம் தாராளமாக இருக்கும். வெட்டியதும் கறுக்கும் என்று கவலைப்படாதே. நாலு லிட்டர் தண்ணீரில் 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஆறு பொடித்துக் கரைத்து, வெட்ட வெட்ட அதில் போட்டு எடு. நிறம் அப்படியே நிற்கும்.

தோலுரிக்கக் கத்தி வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். உடனே ஐஸ் தண்ணீர். பழுத்த பழமென்றால் கட்டைவிரலால் தள்ளினாலே தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். அடியில் சதை மேல் ரோஸ் சாயம் படிந்திருக்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். கழலவில்லை என்றால் பழம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம், இழுத்துப் பிய்க்காதே. முன்னாலேயே பழத்தைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடு. தோல்மேல் இருக்கும் அந்தச் சுனை முழங்கையில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

எல்பெர்ட்டாவைப் பாட்டிலில் போடும் முறை இது. ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டு இளம்பாகு காய்ச்சு. பழத்தை அதில் போட்டு ஒரு கொதி வந்ததும் சூடாகவே பாட்டிலில் நிரப்பு. பச்சையாக அடுக்கிப் பாகை ஊற்றுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, பழம் மேலே மிதந்து நிறம் மங்கிவிடும். வாயிலிருந்து அரை அங்குலம் காலியாக விடு. உள்ளே நிற்கும் காற்றுக் குமிழை மரக்குச்சியால் கிளறி வெளியேற்று. விளிம்பைத் துடை. அந்த ஊரில் கிடைக்கிற தட்டை மூடியை வைத்து வளையத்தை விரல் பலத்துக்கு மட்டும் திருகு. பிறகு பாட்டில்கள் முழுகி, மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கிற மாதிரி பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கிற பைண்ட் பாட்டிலுக்கு 20 நிமிடம், அதைப்போல் இரண்டு மடங்கு பிடிக்கிற குவார்ட்டுக்கு 25. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் நேரத்தைக் கணக்கு வைக்கணும். ஒரு குவார்ட் பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே பழம் பிடிக்கும்.

என் பழைய நோட்டில் இருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளாதே. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் நாங்கள் பைண்டுக்கே 35 நிமிடம் வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் உன் ஃப்ரெஸ்னோ 100 மீட்டர் உயரம்கூட இல்லை. ஜாமுக்கும் அதே கதைதான். உனக்கு 105 டிகிரியில் பதம் வரும், எங்களுக்கு 98, 99-லேயே வந்துவிடும். சிம்ஸ் பூங்கா பக்கத்தில் தோட்டக்கலைத் துறைக்காரர்கள் பழம் பதப்படுத்தச் சொல்லிக் கொடுத்தபோது இதைத்தான் முதலில் எழுதிக்கொண்டேன்.

பாட்டிலை எடுத்துத் துணிமேல் வைத்து ஒரு ராத்திரி தொடாமல் விடு. காலையில் மூடியின் நடுவில் அழுத்திப் பார். குழிந்து அசையாமல் இருந்தால் சரி. டொக்கென்று எழும்பினால் மூடி காற்றுப் புகாமல் சேரவில்லை, ஃப்ரிட்ஜில் வைத்து அந்த வாரமே சாப்பிட்டுவிடுங்கள். சர்க்கரை ருசிக்கும் நிறத்துக்கும்தான், பழத்தைக் காப்பாற்றுவது புளிப்பும் சூடும். ஆகையால் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆகாது என்றால் நாலு பாட்டில் வெறும் தண்ணீரிலேயே போடு. சூடாக ஊற்றிப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

ஜாம் கொஞ்சம் போடு, ஆனால் அடிபட்ட பழத்தில். நல்ல பழத்தை ஜாமுக்குக் கொட்டுவது எனக்கு மனசு ஒப்பாது. கனிந்த பீச்சில் ஜாம் இறுகுவதற்கான பெக்டின் குறைவு. கால் பங்கு சற்றுக் காயானதைச் சேர்த்துக்கொள். ஒரு கிலோ மசித்த பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளு, சுருங்கினால் இறக்கிவிடலாம். பாட்டிலில் ஊற்றிய பிறகு இதையும் கொதிநீரில் 10 நிமிடம் வை.

உனக்கு இருக்கிற பெரிய வசதி வெயில். உலர்ந்த திராட்சைக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு மின்சார உலர்த்தி வாங்கலாமா என்று கேட்கிறாய்! இங்கே மூடுபனியில் வற்றல் போட முடியாமல் நாங்கள் தவிக்கிறோம். அங்கே 38 டிகிரி, காற்றில் ஈரமே இல்லை. அரை விரல் கனத்துக்கு நறுக்கி, மாத்திரைத் தண்ணீரில் நனைத்து, வலைத்தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி வெயிலில் வை. பொழுது சாய்ந்ததும் உள்ளே எடு. மடித்தால் ஒட்டாமல், தோல் மாதிரி வளைந்தால் காய்ந்தாயிற்று. பூச்சி முட்டை இருந்தால் சாக, பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துவிட்டு டப்பாவில் போடு. பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது கொடுத்துவிடலாம்.

கல்லாக இருப்பதில் இரண்டைத் துண்டு போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று பார், நம் ஊர் ரோட்டோரம் சாப்பிட்டது ஞாபகம் வரும். மாங்காய்ப் பச்சடி மாதிரியே வெல்லம் போட்டுப் பச்சடியும் செய்யலாம், கடுகும் வரமிளகாயும் தாளித்து. ஊறுகாய் போட்டால் ஃப்ரிட்ஜிலேயே வை. மாங்காய் ஊறுகாய்க்கு உள்ள புளிப்பு இதில் கிடையாது. கொட்டையை உடைத்துப் பருப்பை எதிலும் சேர்க்காதே. பாதாம் வாசனை வரும்தான், ஆனால் வயிற்றுக்குள் போனால் சயனைடாகும். குழந்தை கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்.

எல்லாவற்றையும் நீயே காப்பாற்ற வேண்டியதில்லை அம்மா. அக்கம்பக்கத்துக்கு ஒரு கூடை, ஆபீஸுக்கு ஒரு கூடை கொடு. உணவு வங்கி பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பார். கனிந்ததைக் கொடுக்காதே, வழியிலேயே நசுங்கும். ஒரு நாள் இருந்து பழுக்கிற மாதிரி பார்த்துக் கொடு. பறிப்பதையும் விடிகாலையிலேயே முடித்துவிடு, வெயில் ஏறிய பழம் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் காய் கோலிக்குண்டு அளவு ஆனதும் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று விட்டு மீதியைக் கிள்ளிவிடு. கிள்ளும்போது மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை. ஆனாலும் செய். பழம் பெரிதாகும், கிளையும் ஒடியாது. இந்த வருஷம் கனம் தாங்காமல் வளைந்திருக்கும் கிளைக்கு இன்றைக்கே ஒரு முட்டுக் கொடு.

அப்பாவுக்கு ஒரு பாட்டில் வேண்டுமாம். சேர்ந்த மூடியாகப் பார்த்து எடுத்து வை, பொங்கலுக்கு வரும்போது துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா