வானத்தில் ஒரு மைசூர்ப் பருப்பு

அன்புள்ள மக்கா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. புது லென்ஸ் வைத்த பிறகு வெள்ளைச் சுவர் நீலம் பாய்ந்து தெரிகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது; பழகிவிடும்.

லென்ஸ் என்பது லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். அதே வடிவத்தில் ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு விண்மீன் திரள் (கேலக்ஸி) கிடக்கிறது. தை அமாவாசைக்கு முந்திய இரவு அதைத் தேடித்தான் பேத்தியுடன் முட்டத்துக்குப் போனேன். குமரியில் நீராட வந்த கூட்டம், விளக்கு வெளிச்சம். அங்கே ஒன்றும் நடக்காது. முட்டத்திலும் கலங்கரை விளக்கம் கண்ணைக் குத்தியது. பாறை மறைவில் தொலைநோக்கியை நிறுத்தினேன்.

எட்டு மணிக்குத் தெற்கே பாதி வான உயரத்தில் உலை என்ற விண்மீன் கூட்டம். பெயருக்குத்தான் உலை, கண்ணைப் பறிக்கும் நட்சத்திரம் ஒன்றும் அதில் கிடையாது. அரை மணி நேரம் தடவி அந்தத் திரளைப் பிடித்தேன்; வானியல் பட்டியலில் அதன் பெயர் என்.ஜி.சி. 1316. பேத்தி பார்த்துவிட்டு, "கண்ணாடியில் விரல் பட்ட கறையா தாத்தா?" என்றாள்!

1826இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து வானியலாளர் ஜேம்ஸ் டன்லப் கண்டுபிடித்த கறை அது. அவருக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நின்றிருக்கும். அவருக்கு முன்பே இங்கிலாந்திலிருந்து வானத்தைத் துழாவிய வில்லியம் ஹெர்ஷலுக்கோ அடிவானத்தை ஒட்டியே கிடந்திருக்கும். நாம் தெற்குக் கோடியில் பிறந்ததற்கு இப்படியும் ஒரு லாபம் உண்டு.

இதைப் போன்ற வில்லை (லென்ஸ்) வடிவ விண்மீன் திரள்களுக்குச் சுருள் கைகள் இல்லை. புது நட்சத்திரம் பிறக்க வாயுவும் அதிகம் மிச்சமில்லை. ஓய்வு பெற்றவை என்று வைத்துக்கொள். ஆனால் இது அடங்கி உட்காரவில்லை. பக்கத்துத் திரள்களை விழுங்கிய தடயம் தூசி இழைகளாக உள்ளே கிடக்கிறது. 1980க்கும் 2006க்கும் இடையே மட்டும் நான்கு மீயொளிர் விண்மீன்கள் (சூப்பர்நோவா) அங்கே வெடித்தது தெரிந்தது. நம் பால்வீதியில் ஊரறியக் கடைசியாக ஒன்று தெரிந்தது 1604இல். வேலையை விட்ட பிறகு உன் கோபம் கூடியதாக அண்ணி சொன்னது நினைவுக்கு வந்தது.

கடல் ஈரம் ஏறி ஒன்பதரைக்குக் கண்ணாடி பனித்துவிட்டது. உப்பைத் துடைக்க மறுநாள் முழுக்க ஆயிற்று.

அடுத்த தைக்கு வந்துவிடு. இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க, டார்ச்சின் முகப்பில் ஒட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி வா. இங்குள்ள கடைகளில் பச்சைதான் கிடைக்கிறது.

உன் பழைய பெஞ்சுக்காரன்