காரணத்தை எழுதப் பழக்கும்

அன்பின் மலர்,

உமது கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரி விடுதியில் நண்டா (தாதியின் நிர்ணயங்களின் பட்டியல்), நிக் (தாதி செய்யும் செயல்களின் பட்டியல்), நொக் (நோயாளியில் காணும் விளைவை அளக்கும் பட்டியல்) மூன்றையும் தொடங்கப் போகிறீர் என்று அறிந்து பெரிய சந்தோசம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கோட் இலக்கங்களைப் பாடமாக்குவதில் தொடங்க வேண்டாம். காரணத்தை எழுதப் பழக்கும்.

வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து இரண்டாம் நாள், சளியை வெளியேற்ற ஏலாமல் கிடக்கும் ஒருவரை எடும். நண்டாவில் அந்த நிர்ணயத்தின் கோட் 00031. காரணம் என்ற இடத்தில் பிள்ளைகள் 'நிமோனியா' என்று எழுதிவிடுவார்கள். அது டொக்டரின் நிர்ணயம். அதிலிருந்து தாதியின் வேலை புறப்படாது. 'வெட்டின இடம் நோகும் என்று இருமலை அடக்குகிறார்' என்று எழுதினால் செய்ய வேண்டியதும் கூடவே வந்துவிடும். நோ மாத்திரை கொடுத்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நிமிர்த்தி இருத்தி, காயத்தின்மேல் தலையணையை அணைத்துப் பிடிக்க வைத்து, ஆழமாக மூச்சிழுத்து இரண்டு மூன்று செக்கன் வைத்திருந்து இருமச் செய்வது. நிக்கில் இந்தச் செயலின் கோட் 3250.

நெஞ்சில் கரகரப்புக் கேட்கும்போது 'ஆபத்து உண்டு' என்ற வகை நிர்ணயம் பிழை. அது இன்னும் வராத பிரச்சினைக்கு.

கூடுதலாக இடறுவது நொக்கில்தான். நோவின் அளவு 2102இல் 1 என்றால் கடும் நோ, 5 என்றால் நோவே இல்லை. நாங்கள் வழமையாகக் கேட்கும் 0–10 அளவு நேர் எதிர். இரவுக் கடமையில் ஒருவர் வெறும் 5 என்று எழுதினால் காலையில் வருபவர் அரைவாசி நோ என்று வாசிப்பார். 'நொக் 2/5', 'நோ 7/10' என்று பிரித்தே எழுதச் சொல்லும்.

2008இல் வெளியான சுவிஸ் ஆய்வொன்றில் எல்லாத் தாதியரும் ஆரம்பப் பயிற்சி பெற்றவர்கள்தான். ஆனாலும் நோயாளியை முன்வைத்துக் காரணம் தேடிச் சிந்திக்கப் பழக்கிய விடுதிகளில்தான் நிர்ணயம், செயல், விளைவு மூன்றும் பொருந்தி வந்தன. கிழமைக்கு ஒரு பெட்ஹெட் ரிக்கற்றை (நோயாளியின் விடுதிப் பதிவை) எடுத்து அப்படிப் பேசிப் பாரும்.

இன்னொரு கவலை. எங்கட சனம் நோகுது, உளையுது, குத்துது, எரியுது, விறைக்குது என்று பிரித்துச் சொல்லுது. ரிக்கற்றில் எல்லாமே 'பெயின்'. சீனி வருத்தக்காரர் கால் எரியுது, விறைக்குது என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதச் சொல்லும். யாழ்ப்பாணத்துச் சொற்களை நான் சேர்க்கிறேன். மட்டக்களப்பில் நோயாளிகள் சொல்வதை நீர் எழுதி அனுப்பும்.

அன்புடன்,
வதனி