கூத்துமாடத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காடு சித்தூர் பக்கத்து நம் பகவதி கோயிலில், தோல் பாவைகளின் நிழலால் ராமாயணம் காட்டும் தோல்பாவைக்கூத்து நடக்கும் கூத்துமாடத்தின் கூரை, சுவர், விளக்குத் தட்டு மூன்றும் சரியாகிவிட்டன. ரசீதுகளும் வரவு செலவு நோட்டும் கோயில் அலுவலகத்தில் உள்ளன. யாரும் பார்க்கலாம்.

கூரை ஓடுகளைப் பிரித்த பிறகுதான் பழுதின் வேர் தெரிந்தது. வெளியே கல்போல் உறுதியாக இருந்த மர உத்திரம், சுவருக்குள் புதைந்த ஒரு முழத்தில் விரல் பட்டாலே உதிர்ந்தது. முன்பு வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். கல் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்கு ஏறியது; பின்னாலேயே கரையான் வந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினோம். புதிய உத்திர முனைகளைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. காற்று போவதற்கு விட்டது, தயவுசெய்து யாரும் அடைக்க வேண்டாம். தகரக் கூரை யோசனையைப் பொதுக்குழு ஏற்கவில்லை. கோடை மழை கொட்டினால் கூத்து நடத்தும் புலவர் பாடும் கம்பன் பாட்டு காதில் விழாது.

கூட்டம் சேர மாடத்தைச் சாலைப் பக்கம் திருப்பலாம் என்றும் சிலர் கேட்டார்கள். தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காணாத பகவதிக்காகவே தோல்பாவைக்கூத்து நடக்கிறது. அதனால் திரை சன்னதியை நோக்கியே நிற்கிறது.

திரைக்குப் பின்னால் எரியும் 21 விளக்குக்கும் தேங்காய் மூடிதான். திரிகள் ஒரே பருமனாக இருக்க வேண்டும். ஒன்று பருத்தாலும் அங்கே கரி படியும், நிழல் துடிக்கும். புகைச் சாளரத்தைப் பின்சுவரின் உச்சியில் வைத்திருக்கிறோம். பக்கச் சுவரில் வைத்தால் குறுக்குக் காற்றில் சுடர் சாயும்.

கட்டடத்தைவிட ஆள் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. முன்பு எண்ணெய், திரை, சாவி எல்லாம் ஒருவர் கையில். அவர் படுத்துவிட்டபோது ஆயப்புடவை என்னும் திரைத்துணி எங்கே என்றுகூட மற்றவர்களுக்குத் தெரியவில்லை. இனி ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர்: ஒருவர் பழகியவர், ஒருவர் இளையவர். கூட்டக் குறிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசிக்கிறோம். பாட்டு கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் தமிழ் எழுத்து. மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டால், எழுதியவர் காதில் விழுந்த உச்சரிப்பே நிலைத்துவிடுகிறது.

விளக்குக்கு ஒரு வீடு என்று எண்ணெய்ப் பொறுப்பைப் பிரித்தோம். 18 வீட்டார் ஏற்றிருக்கிறார்கள். மீதி மூன்று விளக்குக்கும் கும்ப மாதம் (மாசி) பிறப்பதற்குள் பெயர் கொடுங்கள்.

— திருப்பணிக் குழு